ஒற்றைப்படை எங்களுக்கு, இரட்டைப்படை அவர்களுக்கு

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு மண்டபத்தைத் திறந்தேன். பத்தொன்பது குடும்பம், எழுபத்தொரு பேர். குடும்பத்துக்குக் குடும்பம் நைலான் கயிறு கட்டி, பெண்கள் சங்கம் கொடுத்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். எல்லாம் இளஞ்சிவப்பு. மொத்தமாக அந்த நிறம்தான் கிடைத்ததாம். துக்கத்தில் இருப்பவர்களைக் கல்யாண வீட்டில் படுக்க வைத்த மாதிரி இருக்கிறது.

ஆறு பெருகி கீழ்த்தெருவை அடித்துக்கொண்டு போய் இன்றோடு பதின்மூன்று நாள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. முப்பத்தெட்டு வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் சபை மண்டபம், அந்தப் பக்கம் அவர்கள் சபை மண்டபம். யாருக்கு எத்தனை பேர் என்று இரண்டு போதகர்களும் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. பேசிப் பத்தொன்பது வருஷமாகிறது. நகராட்சி எழுத்தர்தான் சாலையைக் குறுக்கே கடந்து கடந்து செருப்புத் தேய அலைந்தார். கடைசியில் வழி சொன்னது நான். வீட்டு எண்ணைப் பாருங்கள், ஒற்றைப்படை எங்களுக்கு, இரட்டைப்படை அவர்களுக்கு. இரு தரப்பும் உடனே ஒத்துக்கொண்டது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போட்டவள் நான். பிரித்துக் கொடுப்பது எனக்குக் கை வந்த கலை.

இரண்டு சபையும் ஒரு காலத்தில் ஒன்றுதான். ஞாயிறு ஆராதனை எட்டு மணிக்கா எட்டரைக்கா என்பதில் உடைந்தது. ஊரில் எங்களை எட்டு மணிக் கோயில் என்பார்கள், அவர்களை எட்டரைக் கோயில் என்பார்கள். எட்டரை வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் என் அத்தான். அக்கா அவர் பின்னால் போனாள். அத்தான் போய் ஆறு வருஷம். அடக்கத்துக்குப் போனேன், ஒரு பிடி மண் போட்டேன், அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். இப்போது அங்கே நிவாரணக் குழுச் செயலாளர் அவள். இங்கே நான்.

செப்டம்பர் 4, வியாழன்

டைம்டேபிளை இன்று சுவரில் ஒட்டினேன். ஆறு மணிக்கு ஜெபம். ஒன்பதுக்கு மனநல ஆலோசனை. பதினொன்றுக்குக் கைத்தொழில். மாலை ஐந்தரை முதல் ஏழு வரை "சமூக மீள்கட்டமைப்பு ஐக்கியக் கூடுகை". நிவாரணத்துக்கு உதவும் வெளியூர்ச் சபைகள் அதைத்தான் கேட்கின்றன. வீடு கட்டுவதைவிடச் சமூகத்தைக் கட்டுவது முக்கியமாம். அதற்காக நாற்பது வண்ணத்தாள்களும் ஸ்கெட்ச் பேனாக்களும் வாங்கியிருக்கிறோம்.

பன்னிரண்டு தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறோம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஏழாம் நம்பர் ஒரு வாளியோடு நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். (பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அவர்கள் ஒருவரை ஒருவர் வீட்டு நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது.) என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். எனக்குப் பின்னாடி யாருமே நிக்கலையேன்னு பார்த்தேன்."

இவர்களுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பிரசங்கத்தில் என் டைம்டேபிளைப் பற்றி மூன்று நிமிடம் பேசினார் போதகர். பெருமைப்படக்கூடாது என்று ஜெபித்தேன். பலிக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஐந்தரைக் கூடுகைக்கு யாரும் நேரத்தில் வருவதில்லை. ஆறு ஆகிறது, ஆறேகால் ஆகிறது. வந்தாலும் உம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். "சமூகம் என்றால் என்ன?" என்று தாளில் எழுதிக் கேட்டால் விட்டத்தைப் பார்க்கிறார்கள். எங்கேதான் போய்த் தொலைகிறார்கள் என்று நாலரைக்குத் தேடிப் போனேன்.

சாலையோரத்து பஸ் நிறுத்தத்தில் இருக்கிறார்கள். இரண்டு மண்டபத்து ஆட்களும். ஐம்பது பேர் இருக்கும். பெஞ்சில், தரையில், கைப்பிடிக் கம்பியில் எல்லாம் உட்கார்ந்து ஒரே பேச்சு. பஸ் வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, தினமும் இதே வேலையா என்று திட்டிவிட்டு விசில் ஊதினார். பஸ் போனதும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கூடுகையில் வாயே திறக்காத ஏழாம் நம்பர், கழுத்தில் டேப் தொங்கும் ஓர் ஆளோடு கைநீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நம்பர் டெய்லராம், எட்டரை மண்டபத்தில் இருப்பவர். ஏதோ சாக்கடைத் தண்ணீர் விவகாரம். வீடே இல்லை, சாக்கடைக்குச் சண்டை.

செப்டம்பர் 12, வெள்ளி

குழுவில் சொன்னேன். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். பாவம், மாலை நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தெருவில் உட்கார்கிறார்களே என்றார் பொருளாளர். கூடுகையை நாலு மணியிலிருந்து ஏழு வரை நீட்டுவதாக முடிவானது. ஒருமனதாக. தேநீரும் உண்டு.

செப்டம்பர் 13, சனி

எட்டரைக் கோயிலில் மூணே முக்காலுக்கே ஆரம்பிக்கிறார்களாம். காப்பி அடிப்பதில் அக்கா சின்ன வயசிலிருந்தே கெட்டிக்காரி.

செப்டம்பர் 15, திங்கள்

பஸ் நிறுத்தம் வெறிச்சோடிக் கிடக்கிறது. கூடுகைக்கு நூறு சதவீத வருகை. வருகைப் பதிவேட்டைப் பார்க்கவே கண் குளிர்கிறது.

இன்று நகராட்சி அறிவிப்பு வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேட்டு நிலம் இருக்கிறது. கீழ்த்தெருக்காரர்கள் முப்பத்தெட்டுக் குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து, யாருக்கு எந்த மனை என்று தங்களுக்குள் பேசி முடித்து, எழுத்தர் முன்னால் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் அங்கே முழுத் தெருவாகவே தருவார்கள். 26-ஆம் தேதி கடைசி. இல்லாவிட்டால் தனித்தனியாக, எங்கெங்கே இடம் காலியோ அங்கங்கே.

எங்கள் குழு இதிலும் ஒரு வழி கண்டுபிடித்தது. எங்கள் பத்தொன்பது பேருக்கு மட்டும் தனி விண்ணப்பம். தொட்டிச் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் பத்தொன்பது வீடு, நுழைவில் சபையின் பெயரோடு ஒரு வளைவு. எட்டரைக்காரர்களும் அப்படியே செய்கிறார்களாம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அவர்களுக்கும் வளைவு உண்டு. பத்தொன்பது கையெழுத்தையும் இன்றே வாங்கி என் பையில் வைத்துவிட்டேன். எங்கே போடணும் என்று மட்டும் கேட்டுப் போட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

ஏழாம் நம்பர் வந்தாள். நாலு வயசுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் தன் மனையைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கு எதிர்ல யாரு டீச்சர்?"

எதிரே யாருமில்லை, சுவர்தான் என்றேன். காற்றோட்டமாக இருக்கும் என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சுவர் எப்படிக் காற்றோட்டமாக இருக்கும்?

அவள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து பகலில் தூங்க வேண்டும். புருஷன் இல்லை. எதிர்வீட்டு டெய்லர் வாசலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தைப்பாராம். குழந்தை வாசலைத் தாண்டினால் மெஷினை நிறுத்துவாராம். அந்தச் சத்தம் நின்றால் இவளுக்குத் தூக்கத்திலேயே விழிப்பு வந்துவிடுமாம். இரண்டு பேரும் ஒருநாளும் இதைப் பேசி வைத்துக்கொண்டதில்லை. பேசினதெல்லாம் சாக்கடைச் சண்டைதானாம்.

"பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல சுவருதான் டீச்சர். எதிர்வீடுதான் நம்மளைப் பார்த்துட்டே இருக்கும். எல்லா எதிர்வீட்டையும் அந்த மண்டபத்துல வச்சிருக்கீங்க."

எங்கே இடம் கிடைத்தாலும் எப்படி உட்காருவது என்று, அறிவிப்பு வருவதற்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் பேசினது அதைத்தானாம். யார் எதிரில் யார், எந்த வீடு எங்கே. இன்னும் மூன்று நாள் கிடைத்திருந்தால் முடிந்திருக்குமாம். கூடுகையை நாலு மணிக்கு மாற்றினோம், அதோடு நின்றுவிட்டது.

போகும்போது நிலைப்படியில் நின்று சொன்னாள்: "நீங்க நல்லவங்கதான் டீச்சர். ஒரு பத்து நாளைக்கு மட்டும் கொஞ்சம் கம்மியா நல்லவங்களா இருந்தீங்கன்னா, நாங்க ஒரு முடிவுக்கு வந்துடுவோம்."

செப்டம்பர் 18, வியாழன்

என்ன திமிர். என்ன வாய். காலை ஐந்தரையிலிருந்து இவங்களுக்காக ஓடுறேன், என் முட்டி தேயுது, எனக்குப் பாடம் எடுக்கிறா. நான் கேட்டேனா இந்த வேலையை? வீட்ல கால் நீட்டிப் படுத்திருக்கலாம் —

மத்தியானம் எழுதுகிறேன். கோபம் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு தாளை எடுத்துக் கீழ்த்தெருவை வரைந்தேன். இந்தப் பக்கம் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. அந்தப் பக்கம் இரண்டு, நாலு, ஆறு, எட்டு. நடுவில் பாதை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், எந்தத் தெருவிலும் நம்பர் இப்படித்தான் போகும் என்று. நான் அந்தத் தெருவை நீளவாக்கில் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறேன். வெள்ளம்கூட அதைச் செய்யவில்லை. வெள்ளம் எல்லோரையும் ஒரே மேட்டில்தான் கொண்டுபோய் விட்டது.

யாருடைய யோசனை? என்னுடையது. எழுதிப் பார்த்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

குழுவில் சொல்லலாமா? வளைவுக்கு மாதிரிப் படம் வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பொருளாளர் கண் கலங்கினார். இனி அங்கே ஒன்றும் எடுபடாது.

அப்படியென்றால் ஒருத்திதான் பாக்கி.

செப்டம்பர் 19, வெள்ளி

சாலையைக் கடக்க இருபது எட்டு வைக்க வேண்டும். எண்ணிக்கொண்டே போனேன், திரும்பிவிடக்கூடாதே என்று.

அக்கா அவர்கள் மண்டபத்து வாசலில் பதிவேட்டோடு நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது. வா என்றாள், அவ்வளவுதான். அலுவலக அறையில் உட்கார வைத்துக் காப்பி கலந்தாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். சர்க்கரையே கூடாது, வியாதி வந்து எட்டு வருஷமாச்சு என்றேன். கரண்டியைச் சர்க்கரை டப்பாவிலேயே போட்டு மூடினாள். யாரும் சொல்லலையே என்றாள். யார் சொல்வார்கள்? சொல்ல வேண்டியவள் நான்தானே.

விஷயத்தைச் சொன்னேன். எதிர்வீடு, பஸ் நிறுத்தம், எல்லாம். அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. டெய்லர் அங்கே எந்த வேலையும் செய்யாமல் எங்கள் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாராம். மெஷின் வாங்கிக் கொடுத்தும் தைக்கவில்லையாம்.

"நீங்க நாலுன்னு மாத்தினீங்க, நாங்க மூணே முக்கால்னு மாத்தினோம்," என்றாள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச முதல் காரியம் இதுதான்."

சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். பிறகு என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டோம். கூட்டாக ஒரு கூட்டம் என்றால் இரண்டு குழுவும் செத்தாலும் சம்மதிக்காது. ஆனால் இரண்டு குழுவையும் நாங்கள் நன்றாக அறிவோம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து குழு கூடியது. பேச்சுவாக்கில் சொன்னேன்: எட்டரைக் கோயில்காரர்கள் வருகிற புதன்கிழமை தங்கள் மக்களைப் பஸ் வைத்துச் சுற்றுலா கூட்டிப் போகிறார்களாம்.

"நம்ம ஜனங்க மட்டும் வேடிக்கை பார்த்துட்டு நிக்கணுமா?" என்றார் பொருளாளர். நாலு நிமிடத்தில் பஸ் அனுமதி ஆகிவிட்டது. மண்டபத்துக்கு இரண்டு மின்விசிறி வாங்க மூன்று கூட்டம் கூடிய குழு இது. அங்கே அக்கா அதையே எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். மூன்றே நிமிடமாம். அதிலும் போட்டி.

பொய் சொன்னேனா? பத்து மணிக்குப் பொய். பதினொன்றுக்குள் உண்மையாகிவிட்டது. ஆண்டவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

இரண்டு பஸ்ஸும் வேறு வேறு திசையில் கிளம்பி, ஊரைச் சுற்றி, நகராட்சி விளையாட்டு மைதானத்தில் வந்து நின்றன. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏழாம் நம்பரின் குழந்தை ஓடியது. டெய்லர் அதைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. செருப்பைப் போடாமல் வந்திருக்கியே, முள்ளு குத்தாதா என்று அதட்டினார். அது அவர் காலைக் கட்டிக்கொண்டது.

நாங்கள் சொல்லி வைத்தபடி நகராட்சி எழுத்தர் பார்வையாளர் படிக்கட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு ஃபைலுக்கு ஒரு ஃபைல் மேல் என்று அவரும் சந்தோஷமாகத்தான் வந்திருந்தார். அரை மணியில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். இருபதாம் நம்பருக்கு முனை வீடு வேண்டும், முப்பத்தொன்றுக்குப் பதினாலின் நாய் பக்கத்தில் வேண்டாம். நாயே இப்போது இல்லை, ஆனாலும் வேண்டாம். நான் எழுந்து ஒழுங்குபடுத்தப் போனேன். அக்கா புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஏழாம் நம்பர் எதிரிலேயே இருக்கச் சம்மதமா என்று எழுத்தர் டெய்லரைக் கேட்டார்.

"வேற யாராவது வந்தா நான் முதல்லேர்ந்து சண்டை பழகணும் சார். எனக்கு வயசாயிடுச்சு."

எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும் நேரத்தில் எழுத்தர் பேனாவை மூடினார். வேறு விண்ணப்பத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இதில் போட முடியாது, இரண்டுமே செல்லாமல் போய்விடும் என்றார். அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள். அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கியவர்கள் நாங்கள்தானே.

குழுவின் விண்ணப்பம் என் பையில் இருந்தது. நாளை கொடுக்க வேண்டியது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளையின் விடைத்தாளைக்கூட நான் கிழித்ததில்லை. வெளியே எடுத்தேன், நாலாகக் கிழித்தேன்.

எட்டாம் நம்பர் மெதுவாகச் சொன்னார், தங்களுடையது போன வாரமே தபாலில் போய்விட்டதாக எட்டரைக் கோயில் பொருளாளர் சொன்னாரே என்று. இரட்டைப்படைக்காரர்கள் பத்தொன்பது பேர் முகமும் தொங்கிவிட்டது. ஏழாம் நம்பர் குழந்தையை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துத் திரும்பினாள்.

அக்கா கைப்பையைத் திறந்தாள். தபால்தலை ஒட்டிய உறை, ஒட்டியது ஒட்டியபடி.

"அனுப்பச் சொன்னாங்க. பெட்டி வரைக்கும் போனேன். கை வரலை."

அது போன வியாழக்கிழமையாம். வெள்ளிக்கிழமை நான் போய்ப் பெரிய புத்திசாலி மாதிரி விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த உறை அவள் பையில்தான் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை, கல்லுளிமங்கி. அதையும் கிழித்தாள். என்னைவிட நேராகவே கிழித்தாள்.

முப்பத்தெட்டுக் கையெழுத்து.

செப்டம்பர் 28, ஞாயிறு

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அனுமதியில்லாமல் வேறொரு சபையோடு ஐக்கியம் கொண்டதாகக் குற்றச்சாட்டு. இந்த வார்த்தைகளை எழுத்தில் வாசித்தபோது போதகருக்கே குரல் கொஞ்சம் இறங்கியது. மண்டபச் சாவியைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால், சாவிக்குத்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அக்காவை அங்கே நீக்கவில்லை. அவளாகவே ராஜினாமா கொடுத்துவிட்டாளாம், எனக்கு ஒரு மணி நேரம் முன்னால்.

டிசம்பர் 9, செவ்வாய்

சபையின் ஆண்டறிக்கை வந்தது. கீழ்த்தெரு மக்கள் பிரிந்துவிடாமல் ஒரே தெருவாக வாழ வழி செய்தது எங்கள் சபையின் தொலைநோக்குப் பார்வையாம். எட்டரைக் கோயில் அறிக்கையிலும் அதே வாக்கியம் இருப்பதாக அக்கா சொல்லி அனுப்பினாள். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

புதுத் தெருவுக்குப் போனேன். குடிவந்து பத்து நாளாகிறது. இந்த முனையில் எங்கள் சபையின் வளைவு, அந்த முனையில் அவர்கள் சபையின் வளைவு. தெருக்காரர்கள் இரண்டிலும் துணி காயப்போட்டிருக்கிறார்கள். இரண்டு சபை ஆட்களும் திரை தைத்து, சுவர் பூசி, கதவு மாட்டி நன்றாகவே உழைத்தார்கள், வேறு வேறு நாட்களில்.

தெரு நடுவில் அக்கா ஏற்கெனவே நின்றிருந்தாள். அவளைச் சுற்றிக் கூட்டம். தெருவிளக்குக் கம்பம் டெய்லர் வீட்டுப் பக்கம் நட்டிருக்கிறார்கள். வெளிச்சம் நேராக ஏழாம் நம்பர் வீட்டுக்குள் விழுகிறது, குழந்தை தூங்குவதில்லை. கம்பத்தைத் தள்ளி நடு என்கிறாள் அவள். தள்ளினால் தையலுக்கு வெளிச்சம் போதாது என்கிறார் இவர்.

டீச்சர், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க என்றாள் ஏழாம் நம்பர். சின்னக் குழந்தை இருக்கும் வீடு, கம்பத்தைத் தள்ளுவதுதான் முறை என்றேன். அக்கா உடனே, உழைச்சுச் சாப்பிடறவனோட வெளிச்சத்தை எடுக்கச் சொல்ல நீ யாரு என்றாள். நீ எப்பவுமே இப்படித்தான் என்றேன். எப்பவுமேன்னா எப்போ என்றாள். ஆரம்பித்துவிட்டது. கம்பத்தை விட்டுவிட்டு அத்தான் அடக்கத்துக்குப் போனோம், அங்கிருந்து அம்மாவின் அலமாரிக்கு, அங்கிருந்து என் கல்யாணப் பேச்சு முறிந்த கதைக்கு. நான் கத்தினேன். அவளும் கத்தினாள். இப்படி ஒரு தெருவில் நின்று வாழ்நாளில் கத்தியதில்லை.

தெரு எங்களைப் பொருட்படுத்தவில்லை. யாரோ இரண்டு நாற்காலி கொண்டுவந்து ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். ஏழாம் நம்பர் வேலைக்குக் கிளம்பினாள். டெய்லர் மெஷினுக்குப் போய்விட்டார். உட்கார்ந்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். தொண்டை கட்டிக்கொண்டது.

சேர்ந்தே திரும்பினோம். அவள் வீட்டுப் பக்கம் திரும்பும் முனையில் நின்றாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வர்றியா?"

"எதுக்கு?"

"இன்னும் பாதிகூடப் பேசலையே."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.